ஆட்சேபணை இல்லை

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ, டீச்சரம்மா, மகள் மூவரும் நலமாக இருப்பதாக நானே வைத்துக்கொள்கிறேன். நீ எழுதி எட்டு மாதம் ஆகிறது, வேறு என்ன செய்வது.

ஒரு செய்தி. மரச்சாமான் கடையை மூடிவிட்டார்கள். புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள் நான். கடைசி நாளன்று என் நாற்காலிக்கும் விலைச்சீட்டு ஒட்டிவிட்டார்கள். வாங்க வந்தவர் பக்கத்திலேயே நின்று, நான் எப்போது எழுந்திருப்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கணக்குத் தீர்த்துக் கொடுத்தது ஆகஸ்ட் வரை தாங்கும். ஐம்பத்தொரு வயதில் எனக்கு யாரும் புதிதாக வேலை தரப்போவதில்லை. அதனால் சொந்தமாக ஒரு கடை திறக்கப்போகிறேன், ஆன்லைனில். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

நாற்காலிக் கால்களுக்கு மாட்டும் ரப்பர் உறைதான் சரக்கு. என்னிடம் வந்த புகார்களில் பாதி, நாற்காலி கீச்சிடுகிறது, தரை கீறுகிறது என்பவைதான். உறைகளை நான் வாங்கி அடுக்கி வைக்கப்போவதில்லை. ஆர்டர் என் தளத்துக்கு வரும். நான் அதை வெளிநாட்டில் இருக்கும் தயாரிப்பாளருக்குத் தள்ளிவிடுவேன். அவர் நேரே வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். டிராப் ஷிப்பிங் என்கிறார்கள். மேல்மாடியில் இருக்கும் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். கடிகாரம் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். "சரக்கே வராத கடையா? அப்போ எதைத்தாம்மா விக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இதற்குச் சட்டப்படியும் வரிப்படியும் என்னென்ன செய்ய வேண்டும்? வரி ஆலோசகர் அலுவலகத்தில் இருபது வருடமாக இருக்கும் தம்பியை வைத்துக்கொண்டு நான் வெளியில் கேட்பதாக இல்லை. போனில் பேசலாமே என்பாய். இருபத்திரண்டு வருடம் திட்டு வாங்கிய காது இது. கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்திருக்கிறேன். எழுது.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் கடிதம் என் கைக்கு வரவே தாமதமாகிவிட்டது. இனி அலுவலக முகவரிக்கே எழுது. வீட்டுத் தபால் பெட்டி சரியில்லை.

கடை மூடியது வருத்தம்தான். நீ தொடங்கும் தொழிலைப் பற்றி நான் சிரிக்கவில்லை. முதலில் ஒன்றைப் புரிந்துகொள். சரக்கை நீ தொடாவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் விற்பவர் நீதான். உறை கிழிந்தாலும், வராமல் போனாலும், தயாரிப்பாளரைக் கைகாட்டிவிட்டு நீ ஒதுங்க முடியாது.

இப்போதைக்குக் கம்பெனி வேண்டாம். தனிநபர் தொழிலாகவே பதிவு செய். நீ எழுதாமல் விட்டாலும் கடைக்கு ஒரு பெயர் யோசித்திருப்பாய் என்று தெரியும். அந்தப் பெயரில் வேறு யாரும் இல்லை என்று பதிவேட்டில் தேடிப் பார்க்க வேண்டும். பிறகு வரி எண். விற்பனை ஒரு வரம்பைத் தாண்டினால்தான் வரிப்பதிவு என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். ஆன்லைன் விற்பனைக்கு அந்தச் சலுகை எல்லா நேரமும் கிடைக்காது, முதல் நாளே பதிந்துவிடுவது நல்லது. வங்கியில் தொழிலுக்கென்று தனிக் கணக்கு வேண்டும். வீட்டுச் செலவும் கடைச் செலவும் ஒரே கணக்கில் ஓடினால் வருடக் கடைசியில் நீ என்னைத் திட்டுவாய்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தொழில் நடக்கும் முகவரி வேண்டும். திரும்பி வரும் சரக்கும், அரசு நோட்டீசும் வந்து சேர ஒரு வாசல். வாடகை வீடாக இருந்தால் மேற்படி வீட்டின் உரிமையாளர் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று சம்மதக் கடிதம் தர வேண்டும். எங்கள் அலுவலகத்துக்காக நான் எழுதிய படிவத்தை இணைத்திருக்கிறேன். மேற்படி கடிதம் இல்லாமல் எதுவும் நகராது.

இங்கு எல்லோரும் நலம்.

உன் தம்பி

மார்ச் 5

அன்புள்ள மேற்படியானுக்கு,

பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதத்திலேயே "மேற்படி காய்ச்சல்" என்று எழுதியவன் நீ. மாறவே இல்லை, சந்தோஷம். முழங்கால் பரவாயில்லை, படியேறும்போது மட்டும் ஞாபகப்படுத்துகிறது.

கடைக்கு 'நாலுகால்' என்று பெயர். தேடிப் பார்த்துவிட்டேன், யாரும் எடுக்கவில்லை. வங்கிக் கணக்கும் தயார். வீட்டுக்காரர்தான் மசியவில்லை. சம்மதக் கடிதத்தை மூன்று முறை படித்தார். "திரும்பி வர்ற சரக்குன்னு போட்டிருக்கே. வராத சரக்கு எப்படிம்மா திரும்பி வரும்?" என்று கேட்டார். நான் விளக்க விளக்க அவருக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. பதிவுக்கு ஆள் வந்து விசாரித்தால் வீட்டுக்குக் கெட்ட பெயர் என்று கையை விரித்துவிட்டார்.

அதனால் நம் வீட்டு முகவரியைப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். அப்பா உன் பெயருக்கு எழுதிய வீடு, நீ கையெழுத்துப் போட்டால் போதும். உன் படிவத்தையே நிரப்பி அனுப்பியிருக்கிறேன். ஏதாவது பார்சல் திரும்பி வந்தால் டீச்சரம்மா வாங்கி வைக்கட்டும், மாதம் ஒரு முறை வந்து எடுத்துக்கொள்கிறேன். உங்களையும் பார்த்தது போல இருக்கும்.

டீச்சரம்மாவை நினைத்தால் இன்றைக்கும் அந்தப் புகார்ப் படிவம்தான் கண்முன் வருகிறது. நான் வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம். எல்லோரும் கடையையே கொளுத்துவது போல எழுதுவார்கள். இவள் ஒருத்திதான், கரும்பலகையில் எழுதுவது போல அழகாக, "நான்கு நாற்காலிகளில் ஒன்று மட்டும் கீச்சிடுகிறது. மற்ற மூன்றின் மீது எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதியிருந்தாள். இவ்வளவு நியாயமான பெண்ணை விடக்கூடாது என்று அன்றைக்கே உனக்குப் பேசிவிட்டேன். அந்த நாலு நாற்காலியோடுதான் நம் வீட்டுக்கு வந்தாள். ஞாபகம் இருக்கிறதா?

கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வருடக் கடைசி வேலையில் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தவறாக நினைக்காதே.

தயாரிப்பாளரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டாயா? மின்னஞ்சலில் "ஓகே மேடம்" என்று வந்ததெல்லாம் ஒப்பந்தம் ஆகாது. எத்தனை நாளில் அனுப்ப வேண்டும், பழுதான உறைக்கு யார் பொறுப்பு, பணம் திருப்பித் தர வேண்டி வந்தால் யார் தலையில் விழும், எல்லாம் தாளில் இருக்க வேண்டும். சரக்கு எல்லை தாண்டி வருவதால் சுங்க வரி உண்டு. அதை யார் கட்டுவது என்பதை வாங்கும் பக்கத்திலேயே தெளிவாகப் போட்டுவிடு. வாசலில் வந்து நிற்பவர் கூடுதலாகக் காசு கேட்டால் வாடிக்கையாளர் உன்னைத்தான் திருடி என்பார்.

விற்பனை வரியை உன் லாபத்துக்கு மட்டும் போடக் கூடாது, விற்ற முழு விலைக்கும் போட வேண்டும். புதிதாக இறங்குகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். தயாரிப்பாளர் உனக்குத் தரும் பில்லும், நீ வாடிக்கையாளருக்குத் தரும் பில்லும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். திரும்பி வரும் சரக்குக்குத் தனிப் பதிவேடு வை. தேதி, பொருள், காரணம் என்று மூன்று கட்டம் போதும். தளத்தில் புகார் வாங்கும் ஆளின் பெயரும் இருக்க வேண்டும். அந்த வேலைக்கு உன்னைவிடத் தகுந்த ஆள் கிடைக்க மாட்டார்.

கடை திறப்பதற்கு முன் நீயே ஒரு வாடிக்கையாளர் போல ஒரு ஆர்டர் போட்டுப் பார். எந்த நிலையில் வந்து சேர்கிறது என்று தெரிந்துவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம். கேட்டதற்கும் பதில் வந்தது, கேட்காததற்கும் பதில் வந்தது. கையெழுத்து மட்டும் வரவில்லை. கடித உறைக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். ஒப்பந்தம் போட்டாயிற்று, வரி எண்ணுக்கும் விண்ணப்பித்தாயிற்று. விண்ணப்பம் முகவரிக் கட்டத்தில் வந்து நிற்கிறது. ஆகஸ்ட்டுக்குள் திறக்காவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை தம்பி. உனக்கு இதில் ஏதாவது தயக்கம் இருந்தால் நேரே சொல்லிவிடு.

நீ சொன்னபடி ஆர்டர் போட்டுப் பார்த்துவிட்டேன். உன் பெயருக்கு, நம் வீட்டு முகவரிக்கு. பதினாறு உறை, டீச்சரம்மாவின் நாலு நாற்காலிக்கும் சரியாக வரும். இன்னும் இரண்டு வாரத்தில் வந்துவிடும். எப்படி இருக்கிறது என்று டீச்சரம்மாவையே கேட்டு எழுது. அவள் சொன்னால் சரியாக இருக்கும்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 14

அக்கா,

அந்தப் பார்சலை நிறுத்த முடியுமா? அல்லது அலுவலக முகவரிக்கு மாற்ற முடியுமா? வீட்டில் பகலில் ஆள் இருப்பதில்லை. உடனே எழுது.

தம்பி

மே 21

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தபோது பார்சல் கிளம்பிவிட்டது. நிறுத்த முடியவில்லை.

நேற்று அது திரும்பி வந்தது. திருப்பி அனுப்பும் முகவரியாக என் முகவரியைத்தான் கொடுத்திருந்தேன். நான் வெளியே போயிருந்தபோது வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்தார். பிரிக்கவில்லை. மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, அதில் பேனாவால் ஒரே ஒரு வரி. "பெறுநர் தற்போது இந்த முகவரியில் வசிப்பதில்லை." கரும்பலகையில் எழுதுவது போல அழகான கையெழுத்து. யார் எழுதியது என்று நான் உன்னைக் கேட்க வேண்டியதில்லை.

நீ சொன்ன பதிவேட்டைத் தொடங்கிவிட்டேன். தேதி எழுதினேன். பொருள், ரப்பர் உறை பதினாறு என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீதான் அதை நிரப்ப வேண்டும்.

சாப்பிடுகிறாயா?

அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். அலுவலகத்துக்கு எதிரே ஒரு கடை இருக்கிறது.

காரணத்தை எழுதுகிறேன். போன ஜூனில் வீட்டிலிருந்து வந்துவிட்டேன். அலுவலக மாடியில் பழைய கோப்புகள் அடுக்கும் அறையில் ஒரு கட்டில் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஏழு வருடத்துக்கு முந்தைய கணக்குகளோடு தூங்கி எழுந்திருக்கிறேன். சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. அவள் ஏதாவது சொன்னால் நான் பதில் சொல்வேன். அதோடு முடிந்துவிடும். "நான் ஒண்ணும் கேக்கலைங்க. சும்மா பேசிட்டிருக்கேன்" என்று ஒருநாள் சொன்னாள். அதற்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. பிறகு அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். கொஞ்ச நாள் தனித்தனியாக இருந்து பார்க்கலாம் என்றாள். மகளின் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருப்பதால் அவர்கள் வீட்டில் இருக்கட்டும் என்று நான் கிளம்பிவிட்டேன். கூப்பிடாமல் அந்த வாசலுக்கு வருவதில்லை என்று நானாகவே சொல்லிவிட்டும் வந்தேன். யாரும் கேட்காத வாக்குறுதி அது.

மகள் ஞாயிறுதோறும் வருகிறாள். உன் முதல் கடிதத்தைச் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தது அவள்தான். "அத்தைக்கு இன்னும் சொல்லலையாப்பா?" என்று கேட்டாள். தபால் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது.

நீ பார்த்து முடித்த கல்யாணம். இந்தப் புகாரும் உன் மேஜைக்கே வர வேண்டாம் என்று நினைத்தேன்.

சம்மதக் கடிதத்தில் "நான் வசித்துவரும் மேற்படி வீட்டில்" என்று ஒரு வரி வருகிறது. அந்தப் படிவத்தை எழுதியவனே நான்தான். உன்னிடம் ஒரு வருடம் சொல்லாமல் இருக்க முடிந்தது. அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட மட்டும் முடியவில்லை. பலமுறை பேனாவை எடுத்தேன். வரியை அடித்துவிட்டு அனுப்பினால் நீ ஏன் என்று கேட்பாய். அப்படியே அமுக்கி வைத்துவிட்டேன். என்னால் உன் கடை நின்றுபோயிற்று. மன்னித்துக்கொள்.

உன் தம்பி

ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். கடிதத்தைப் படித்து அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அது போகட்டும் என்று காத்திருந்ததில் இத்தனை நாள் ஆகிவிட்டது. வேறு எந்தப் புகாரும் என் மேஜைக்கு வரலாம், உன்னுடையது வரக் கூடாதா? இருபத்திரண்டு வருடம் ஊரார் நாற்காலிக்காக உட்கார்ந்திருந்தேன். உனக்காகவும் உட்கார்ந்திருப்பேன். என் வீட்டு முன்னறை காலியாகத்தான் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள். இனி இதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

கடை நிற்கவில்லை. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மாடியில் அவர் உட்காரும் ஸ்டூலை நகர்த்தும்போதெல்லாம் என் தலைக்கு மேலே பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம் வரும். பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். திரும்பி வந்த பார்சலைப் பிரித்து நாலு உறையை எடுத்துப்போய் மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் அவரே இறங்கி வந்தார். "இதான் அந்த வராத சரக்கா?" என்றார். "வந்து, திரும்பியும் வந்திருச்சு" என்றேன். "கொண்டாங்க அந்தப் பேப்பரை" என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டார். விசாரிக்க வந்த அதிகாரியையும் மாடிக்கே அழைத்துப்போய் ஸ்டூலை இழுத்துக் காட்டினாராம். பதிவு எண் வந்துவிட்டது. போன திங்கட்கிழமை 'நாலுகால்' திறந்தாயிற்று.

மீதிப் பன்னிரண்டு உறையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மூன்று நாற்காலிக்கு வரும். நீயே கொண்டுபோய்க் கொடு. பார்சலில் அனுப்பினால் திரும்பி வரும் என்று தெரிந்த பிறகு நான் வேறு யாரை அனுப்புவது? கூப்பிடாமல் போவதில்லை என்று சொன்னாயே, கடைக்காரி அனுப்பிய ஆள் என்று சொல்லிக்கொள். அது பொய் இல்லை.

பதிவேட்டில் காரணக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். போனேன். நான் பூட்டித் திறந்த வீட்டு வாசலில் நின்று அழைப்பு மணியை அடித்தேன். மகள்தான் திறந்தாள். நீ சொல்லச் சொன்னபடியே சொன்னேன். "அம்மா, கடையிலேர்ந்து ஆள் வந்திருக்காங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். யாரிடமிருந்து இந்தக் கிண்டலைக் கற்றாளோ, உனக்குத்தான் தெரியும்.

அவள் அம்மா மேஜையில் நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு நாற்காலியாகச் சாய்த்து உறை மாட்டினேன். மூன்று முடிந்தது. நான்காவதில் அவள் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை. "அதான் தீர்ந்துபோச்சே" என்றாள். "அண்ணி எப்படி இருக்காங்க?" என்று உன்னை விசாரித்தாள். நலம், கடை திறந்துவிட்டார்கள் என்று சொன்னேன். வழக்கமாக அங்கே முடிந்திருக்கும்.

எப்படி என்று தெரியவில்லை, நான் நிறுத்தவில்லை. வீட்டுக்காரரின் ஸ்டூலைப் பற்றிச் சொன்னேன். கோப்பு அறையின் ஜன்னல் சாத்தாததைப் பற்றியும், சட்டைப் பொத்தான் தைக்கக் கற்றுக்கொண்டதைப் பற்றியும் சொன்னேன். படிவத்தில் அந்த ஒரு வரியைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் இருக்கும். யாரும் என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டாள். நான் கிளம்பும்போது "பாத்துப் போங்க" என்றாள். இரு என்று சொல்லவில்லை. எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நானும் எடுத்துக்கொள்ளவில்லை.

நேற்று மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். உன் கடைக்கு எழுதப்பட்டது. பிரித்துப் படித்துவிட்டேன், தப்புதான். இத்துடன் இணைத்திருக்கிறேன். நீ தளத்தில் போட்டிருக்கும் விதிப்படி இதற்கு இரண்டு நாளில் பதில் தர வேண்டும். அக்கா, தாமதம் செய்யாதே.

உன் தம்பி

ஜூலை 18

'நாலுகால்' கடையின் புகார்ப் பிரிவுக்கு,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் ரப்பர் உறைகள் சென்ற ஞாயிறன்று கிடைத்தன. தரம் நன்றாக இருக்கிறது.

நான்கு நாற்காலிகளில் ஒன்று மட்டும் இன்னும் கீச்சிடுகிறது. அது நான் உட்காரும் நாற்காலி. மற்ற மூன்றின் மீது புகார் இல்லை.

அதற்குரிய நான்கு உறைகளை அனுப்பி வைக்கவும். தபாலில் வேண்டாம். சென்ற முறை கொண்டுவந்தவரே கொண்டுவருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்